குப்பாயி அடுப்பும் காலேஜ் ஆராய்ச்சியும்

குப்பாயிக்கு ஒரு புருஷன் இருந்தான் என்று ஊர் சொன்னது. அவள் பார்த்தது குறைவு. சின்னுசாமி என்று பெயர். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டி வெளியே வந்த ஒரு புது லாரியோடு வடக்கே போனவன், தீபாவளிக்கு ஒரு தரம், மாரியம்மன் நோம்பிக்கு ஒரு தரம் வந்து, அழுக்குச் சட்டைகளைத் துவைக்கப் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்து போவான். அதற்குப் பெயர் குடித்தனம். மூன்றாம் வருஷம் சட்டைகூட வரவில்லை. நாக்பூர்ப் பக்கம் அவனுக்கு வேறொரு குடித்தனம் ஏற்பட்டுவிட்டதாகக் கிளீனர் ஒருவன் வந்து சொன்னான். பனமரத்துப்பட்டியிலிருந்து வந்த பிறந்த வீட்டுச் சனம் மூக்கைச் சிந்தியது. குப்பாயி மட்டும், "அவளாவது நல்லாத் தொவைப்பாளாக்கும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அந்த வருஷம்தான், எழுபத்து மூன்றில், பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுக் கரட்டுவளவுக்கு வந்தாள். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, பாறைக் கரடு ஒன்றின் அடியில் ஒண்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர். தோட்டம் பாவாயியுடையது. பாவாயிக்குக் கல்யாணம் ஆகவில்லை. செவ்வாய் தோஷம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். எந்தக் கிரகத்துக்கும் எந்தப் பெண்ணும் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை. பெண் பார்க்க யாராவது கிளம்புகிறார்கள் என்றால், அவர்கள் கேட்கும் முன்பே பாவாயி தன் ஜாதகத்தைத் தானே சொல்லி அனுப்பிவிடுவாள். கடைசியில் அப்பன் சலித்துப்போய், கிணற்றோடு கொஞ்சம் நிலத்தையும் அதிலிருந்த சாளை வீட்டையும் அவள் பேருக்கு எழுதிவிட்டுக் கண்ணை மூடினார்.

பருத்தி எடுத்து முடிந்ததும் மற்ற ஆட்கள் துணி மூட்டையைக் கட்டினார்கள். குப்பாயி கட்டவில்லை. பாவாயியும் கட்டு என்று சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் நோண்டுகிறவர்களுக்கு வீட்டில் வேலை இல்லை என்று அர்த்தம்.

சாளையில் ஒரே ஒரு கயிற்றுக் கட்டில். பாவாயியின் அண்ணன் கந்தப்பன் பெண்டாட்டி வள்ளியாத்தாள் ஒருநாள், "இன்னொரு கட்டலு பின்னி வாங்கறதுதானுங்க நங்கையா?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"ஒண்ணு இருக்கறப்ப எதுக்குத் தெண்டச் செலவு?" என்றாள் பாவாயி.

சிக்கனம் என்றால் அப்படி இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அந்தச் சிக்கனம் இன்னும் நெருக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்டது. வள்ளியாத்தாள் புத்திசாலி. மறுபடி கட்டில் பேச்சை எடுக்கவில்லை.

ஊரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சாதிச் சனமாகப் போனதால் கோபப்படுவதற்கு ஊர் வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. தேடுவதற்கு யாருக்கும் பொழுது இல்லை. நாமக்கல் பக்கமெல்லாம் கோழி வளர்க்கக் கிளம்பியபோது இவர்களும் ஒரு கொட்டகை போட்டார்கள். காலையில் முட்டையைத் தட்டுத் தட்டாக அடுக்கி ரோட்டு வரைக்கும் தலையில் சுமந்து லாரியில் ஏற்றிவிட்டுக் குப்பாயி வருவாள். அதுவரை பாவாயி காபித்தண்ணியை வாயில் வைக்க மாட்டாள். "ஆறிப் போச்சே, குடிச்சுத் தொலைக்கறதுதானே" என்று குப்பாயி திட்டுவாள். "எனக்கு ஆறுனாத்தான் புடிக்கும்" என்பாள் பாவாயி. ஆறின காபி பிடித்த ஒரே ஜீவன் அந்த ஜில்லாவில் அவள்தான்.

இனி அடுப்புக்கு வருவோம். கரட்டுவளவு மாரியம்மன் நோம்பியில் கோயில் முன்னால் வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். தலைக்கட்டுக்கு ஓர் அடுப்பு. தலைக்கட்டு என்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த ஒரு குடும்பம். புருஷன் இல்லாத பெண் அரைத் தலைக்கட்டு. அரைக்கு அடுப்பு கிடையாது. அண்ணன் தம்பி அடுப்போரமாக நின்று சுள்ளி எடுத்துக் கொடுக்கலாம். முதல் சில வருஷம் பாவாயியும் குப்பாயியும் கந்தப்பன் அடுப்போரமாகத்தான் நின்று புகை குடித்தார்கள். ஊர்ப் பெரியதனம் அர்த்தநாரி. கோயில் காரியமெல்லாம் அவர் சொல்தான். ஒரு நோம்பியில் அடுப்புக்கு இடம் குறிக்கும்போது அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "இங்க ஒரு அரை, அங்க ஒரு அரை, ரெண்டும் ஒரே கூரைல கெடக்குது. ரெண்டு அரை ஒண்ணுதானப்பா?" என்று சொல்லி ஒரு சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டார். அவருக்குக் கணக்கு முடிந்தால் போதும். ஆனால் அந்தக் குறியில் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றியபோது குப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகையில் கண் கலங்கியதாகச் சொல்லிக்கொண்டாள். அடுப்பை அப்போது பற்ற வைத்திருக்கவே இல்லை.

கந்தப்பனுக்கு அந்த அடுப்பு நெஞ்சில் முள்ளு. தங்கச்சி தனி அடுப்பு வைத்தால், அண்ணன்காரன் பச்சரிசியும் வெல்லமும் தேங்காயும் தட்டில் வைத்துப் பொங்கல் சீர் கொண்டுவந்து அந்த அடுப்பில் இறக்க வேண்டும். இறக்கிவிட்டால், அது தனி வீடு என்று அவனே ஊரறியச் சொன்ன மாதிரி. அப்புறம் கிணற்றிலும் நிலத்திலும் கை வைக்க முடியாது. அதனால் நோம்பிக்கு நோம்பி சரியாகச் சீர் வைக்கும் நேரத்தில் கந்தப்பனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். வருஷம் தவறாத வயிற்றுவலி. பொங்கல் இறக்கியதும் சரியாகி இரண்டு இலை சாப்பிடுவான்.

இப்படியே போயிருக்கும். எண்பத்தைந்து மாசியில் ஆராய்ச்சி வந்து சேர்ந்தது.

வெளியூர்க் காலேஜ் ஒன்றிலிருந்து சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் ஊருக்குச் சேவை செய்யக் கேம்ப் வந்தார்கள். கரட்டடியில் கக்கூசுக்குக் குழி தோண்டினார்கள். அரை முழத்தில் பாறை வந்தது. அதோடு சேவை பூர்த்தியாயிற்று. அவர்களைக் கூட்டி வந்த புரொபசர் பாலசுந்தரம், அடுத்த வேலையாக ஆராய்ச்சியை ஆரம்பித்து வைத்தார். அவர் நடத்தும் சமூகப் பிரச்சினைகள் பாடத்தில் தொழுநோய்க்கும் சூதாட்டத்துக்கும் நடுவில் ஓர் அத்தியாயம் இருந்தது: ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் பிரியம் வைத்து வாழ்வது. அதை ஆராய்கிற பெண் சாரதாமணி. இதை நோய்க்கும் சூதுக்கும் நடுவில் வைப்பானேன், மனிதருடைய பிரியம் பல மாதிரி என்று எழுதினால் என்ன என்று அவள் கேட்டாள். புரொபசர் பொறுமையாக விளக்கினார்: முதலில் பிரச்சினை, அப்புறம் காரணம், கடைசியில் தீர்வு. பிரச்சினை இல்லை என்று எழுதினால் பட்டம் எதற்குக் கொடுப்பது?

கரட்டுவளவிலிருந்து பார்த்தால் தூரத்தில் திருச்செங்கோட்டு மலை தெரியும். மேலே பாதி ஆணும் பாதி பெண்ணுமாக ஒரு சாமி நின்றுகொண்டிருக்கிறது. நல்லவேளை, உயரத்தில் இருப்பதால் அதை யாரும் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வரவில்லை.

சாரதாமணி ஊரில் விசாரித்துக்கொண்டு நேரே கோழிக் கொட்டகைக்கு வந்தாள். குப்பாயி தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் பாவாயி அம்மாவும் ஒருத்தருக்கு ஒருத்தர் என்னங்க வேணும்?"

"அவ கோழிக்குத் தண்ணி காட்டறவ. நான் தீவனம் போடறவ."

"அது வேலைங்க. நான் கேக்கறது மனசுல..."

"மனசுல கோழிக்கு எடம் போக மிச்சம் கொஞ்சந்தான் சாமி இருக்குது."

சாரதாமணி தாளைப் பார்த்து, புரொபசர் அச்சடித்துக் கொடுத்த கேள்வியைத் தயங்கித் தயங்கிப் படித்தாள். "ஒருவர் மேல் ஒருவர் வைத்துள்ள பாசம்: குறைவு, மிதம், அதிகம். இதுல எதுங்க?"

குப்பாயி தீவனக் கூடையைக் கீழே வைத்தாள். "உனக்கு ஆரு கண்ணு இருக்கறா?"

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. "ஹாஸ்டல்ல... கூடப் படிக்கிற சிநேகிதி ஒருத்தி" என்றாள். கழுத்து சிவந்துவிட்டது.

"அது கொறைவா, மிதமா?"

சாரதாமணி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். குப்பாயி இரண்டு முட்டையை அவிக்கக் கொண்டுபோய்ப் பாவாயியிடம் கொடுத்து, "புள்ள பசியோட இருக்குது" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

ஆனால் ஊரில் நடந்தது வேறு. முந்தின வருஷம் ஒரு ஜீப்பு வந்து, ஆண் துணை இல்லாத பெண்களுக்கு எருமை வாங்கக் கடன் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. புருஷன் இருக்கிறான் என்று உண்மை பேசினவர்களுக்கு எருமை இல்லை. கரட்டுவளவுப் பெண்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. இப்போது தோளில் பையோடு ஒரு பெண் வந்து, ஆம்பளை இல்லாமல் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழும் வீடு எது என்று கேட்கிறாள் என்றதும், இது அந்த எருமையேதான், ஜீப்பு இல்லாமல் நடந்து வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள்.

மறுநாள் காலையில் ஊரில் ஆண் வாடையே இல்லை. கொடியில் காய்ந்த வேட்டிகள் மறைந்தன. புருஷன்மார் காட்டுக்கு விரட்டப்பட்டார்கள். சின்னாயி தன் ஓரகத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சாரதாமணி முன்னால் நின்றாள். நேற்றுவரை இரண்டு பேருக்கும் தண்ணீர்க் குடத்தில் ஆரம்பித்த சண்டை ஓயவில்லை.

"நாங்க ரெண்டு பேருமே அப்படித்தானுங்க."

"எப்படிங்க?"

"நீங்க கேக்கறீங்களே, அப்படி. ஒருத்திய உட்டு ஒருத்தி சோறு திங்க மாட்டோம்."

உள்ளே குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த புருஷன் தும்மினான்.

"யாருங்க உள்ளே?"

"ஒறம்பரைச் சனத்து ஊட்டு எருமைங்க. எங்களுக்குன்னு சொந்த எருமை கெடையாது, அதையும் எழுதிக்குங்க. ஏங்கண்ணு, பாசம் அதிகம்னா எருமை, மிதம்னா ஆடுங்களா?"

சாரதாமணி தலையில் அடித்துக்கொண்டு, எருமை எதுவும் கிடையாது என்று வீடு வீடாகச் சொன்னாள். கொடுக்கப் போகிறவர்கள் எப்போதும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஊருக்குத் தெரியாதா? பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேர் பாவாயி குப்பாயி மாதிரி ஆகியிருந்தார்கள். புரொபசருக்கு ஒரே புல்லரிப்பு. இத்தனை சின்ன ஊரில் இவ்வளவு பெரிய பிரச்சினையா!

பிரச்சினை கிடைத்தது, அடுத்தது தீர்வு. அவர் கந்தப்பனைத் தேடிப் பிடித்து உட்கார வைத்து, அவன் தங்கச்சியின் நடத்தைக்குப் படிப்பில் ஒரு பெயர் உண்டு, அது கோளாறு, சொந்தபந்தம் அவளைத் திரும்ப வீட்டோடு சேர்த்துக்கொள்வதுதான் மறுவாழ்வு என்று எடுத்துச் சொன்னார். பன்னிரண்டு வருஷமாகச் சொந்தக் கோழி, சொந்தக் கிணறு என்று வாழ்கிறவளுக்கு மறுவாழ்வு! கந்தப்பனுக்குக் கோளாறு என்ற சொல் மட்டும் போதுமாக இருந்தது. இவ்வளவு நாள் அவனிடம் ஆசை இருந்தது, சொல்ல வாய்ப்பான ஒரு சொல் இல்லை. காலேஜே மெனக்கெட்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிற்று.

பங்குனியில் நோம்பிக்கு நாள் குறித்துப் பூச்சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். மூன்று கவை வைத்த அந்த மரம்தான் மாரியாத்தாளுக்குப் புருஷன். நோம்பி முடிந்ததும் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவார்கள். ஆத்தாளுக்கே புருஷன் அவ்வளவு நாள்தான் தேவைப்படுகிறது; ஆனால் தலைக்கட்டுக் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

அர்த்தநாரி சுண்ணாம்புச் சட்டியோடு அடுப்புக்கு இடம் குறிக்க வந்தார். ஊர் சுற்றி நின்றது. பாவாயி பெயருக்குக் குறி போட்டதும் கந்தப்பன் முன்னால் வந்தான்.

"மாமா, அதை அழிங்க. காலேஜ்காரரே சொல்லிப்போட்டாரு. ஆம்பளை இல்லாம ரெண்டு பொம்பளை சேந்து இருக்கறது கோளாறாமா. அப்படி இருக்கறவிய அடுப்பு ஆத்தா முன்னால ஆகாது. என்ற தங்கச்சி என்ற அடுப்புல வெக்கட்டும். அந்தக் குப்பாயி அவிய ஊரைப் பாத்துப் போகட்டும்."

குப்பாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அடுப்புப் போனால் பாவாயி அண்ணன் வீட்டு அரை ஆள். தனக்கு அரைகூட இல்லை. அடுப்போடு சாளையும், கட்டிலும், ஆறின காபியும் போகும். பாவாயி அவள் கையைப் பிடித்து, "வா அம்மிணி, போலாம். இவிய குறியும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம்" என்று இழுத்தாள். பாவாயிக்குக் கோபம் வந்தால் நடந்து போய்விடுவாள். குப்பாயிக்குக் கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவாள். போய் அந்தச் சுண்ணாம்புக் குறிமேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அழிக்கறதுன்னா என்னையும் சேத்து அழிங்க."

அர்த்தநாரி சங்கடத்தோடு நெளிந்தார். "ஏம்மிணி, அதெல்லாம் இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன மொறை? அதைச் சொல்லு."

"பன்னெண்டு வருசமா ஒரே அடுப்புல ஆக்கித் திங்கறோமுங்க. அவளுக்கு மூச்சு இழுப்பு வந்தா எனக்குத் தூக்கமில்லீங்க. நான் வாரதுக்கு நேரமாச்சுன்னா அவளுக்குச் சோறு எறங்காதுங்க. அதுக்கு என்ன மொறையோ அதானுங்க."

ஆராய்ச்சியை முடிக்க மறுபடி வந்திருந்த சாரதாமணி ஓரமாக நின்று பேனாவை மூடி வைத்தாள். அப்போது கூட்டத்திலிருந்து சின்னாயி மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ சாமி! அடுப்பு ஆகாதுன்னா நானெங்க போவேன்? நானும் ஓரகத்தியும் அப்படித்தான்னு வாயால சொல்லிப்போட்டமே!"

"நீயுமா?" என்றார் அர்த்தநாரி.

"நான் மட்டுமா? உங்கூட்டு மருமக அதையே சொல்ல எனக்குப் பின்னாலதான் நின்னா!"

பெரியதனத்தின் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும், அதற்கடுத்தவளும் தரையைப் பார்த்தார்கள். "எருமைன்னு நெனைச்சமுங்க" என்று ஒரு குரல் முனகியது. அர்த்தநாரி விரலை மடக்கிப் பார்த்தார். ஒரு கை போதவில்லை.

கடைசியாக வள்ளியாத்தாள் வந்தாள். புருஷனைப் பார்க்காமல் கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள். "நானுந்தானுங்க சொன்னேன்."

கந்தப்பன் முகம் செத்தது. "நீ... நீ ஆரு கூடடீ?"

"நங்கையா கூடத்தான். ஒரு ஆத்தர அவசரம்னா அவியதான் ஓடி வாராங்க. நீங்க மல்லசமுத்திரத்துல சீட்டுக் கட்டோட உக்காந்திருக்கறீங்க. அந்தப் புள்ள கேட்டுது, உங்களுக்கு ஆரும்மா தொணைன்னு. ஆரைச் சொல்றது?"

ஊர் கெக்கலி கொட்டிச் சிரித்தது. வள்ளியாத்தாள் சொன்னது எருமைக்காகவா, வேண்டுமென்றேவா என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. அவள் புத்திசாலி என்று முன்பே சொல்லியாயிற்று.

அர்த்தநாரி சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தார். "கந்தப்பா, நீ சொல்றபடி பாத்தா பாதி அடுப்பை அழிக்கோணும். என்ற அடுப்பும் போகும், உன்ற அடுப்பும் போகும். அப்பறம் ஆத்தாளுக்கு ஆரு பொங்கல் வெக்கறது, காலேஜா? எல்லா அடுப்பும் இருந்தபடி இருக்கட்டும்." சொல்லிவிட்டு நடந்தவர், ஏதோ ஞாபகம் வந்து திரும்பினார். "தங்கச்சி அடுப்புன்னு ஊர் முன்னால ஆயிப்போச்சு. அப்ப நீ சீர் வெக்கோணுமல்ல? இத்தனை வருசம் வெச்சியா?"

"வகுத்துவலிங்க மாமா..."

"இந்த வருசம் கசாயம் குடிச்சுப்போட்டு வா."

நோம்பியன்று கந்தப்பன் தட்டோடு வந்தான். விளக்கெண்ணெய் குடித்த முகம். ஊரே வழி விட்டு நின்று பார்த்தது. சாரதாமணியும் வந்திருந்தாள், கூட ஒரு பெண்ணோடு. "ஹாஸ்டல் சிநேகிதிங்க" என்றாள். குப்பாயி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். குறைவா, மிதமா என்று கேட்கவில்லை. "நெழல்ல உக்காருங்க சாமி" என்றாள்.

தட்டு அடுப்போரம் இறங்கியது. பாவாயி அண்ணனை நிமிர்ந்து பார்க்காமல் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குப்பாயி வெல்லத்தை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, போன வருசத்து வெல்லமுங்களா? ஒரு மாதிரி வாசமடிக்குது."

"கம்முனு பானைல போடு அம்மிணி" என்றாள் பாவாயி. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

புரொபசர் அப்புறம் ஒரு கட்டுரை எழுதினாராம். அந்தப் பக்கத்துப் பெண்களிடம் இந்தக் கோளாறு ஆச்சரியப்படும் அளவுக்குப் பரவியிருக்கிறது, பால் மாடு இல்லாத வீடுகளில் சற்று அதிகம் என்று கண்டுபிடித்திருந்தாராம். சாரதாமணி வேறு மாதிரி எழுதினாள். அதனால் பட்டம் வர இரண்டு வருஷம் தாமதமாயிற்று. சின்னாயி அவளை எப்போது பார்த்தாலும் எருமை என்னவாயிற்று என்று கேட்பாள்.

சீர் என்பது ஒரு தரம் வைத்தால் நிறுத்த முடியாத சங்கதி. அடுத்த பங்குனி வருவதற்கு வெகு முன்பே குப்பாயி வள்ளியாத்தாளிடம் சொல்லி அனுப்பினாள்: வெல்லம் இந்தத் தடவை புதுசாக இருக்கட்டும்.